வில்லங்கம் பார்க்காத சொத்து

அம்மாவின் கெம்பு அட்டிகை ஆறு பவுன். எங்கள் வீட்டில் இது வாய்ப்பாடு மாதிரி. யாரும் சரிபார்த்தது கிடையாது. 1987-இல் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட முப்பது பவுனில் அதுதான் பெரிய உருப்படி. மூன்று வருடத்துக்கு முன்னால் தம்பியின் ஆபரேஷனுக்காக அதை விற்கப் போனோம்.

மதுரையில் ஒரு பெரிய நகைக்கடை. வாங்க வருபவர்களுக்கு ரோஸ் மில்க் கொடுத்து சோபாவில் உட்கார வைப்பார்கள். விற்க வருபவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கே ஒருவர் எங்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு அட்டிகையை இடுக்கியால் பிரித்தார். கல்லைப் பெயர்த்தார், சூடு காட்டி உள்ளே இருந்த அரக்கை எடுத்தார். உள்ளே போகும்போது 48 கிராம். கல்லும் அரக்கும் போக 38.600. மெஷினில் வைத்ததும் 84 சதவீதம் என்று காட்டியது. அவர் கால்குலேட்டரைத் தட்டி, "இருபத்திரண்டு கேரட் கணக்குக்கு முப்பத்தஞ்சே முக்கால்கூட வரலைம்மா, முப்பத்தஞ்சு நானூறு" என்றார். ஆறு பவுன், நாலரைப் பவுனுக்கும் கீழே இறங்கியிருந்தது.

கற்களை ஒரு தாளில் மடித்து நீட்டினார். "இதுக்கு எங்ககிட்ட மதிப்பு இல்ல, எடுத்துட்டுப் போங்க."

அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான், "அப்ப அது கெம்பு இல்லையா தம்பி?" என்று கேட்டாள்.

"எல்லாம் கெம்புதாம்மா" என்றார் அவர்.

ஆட்டோவில் வரும்போது அம்மா சொன்ன ஒரே வாக்கியம்: "மாமாகிட்ட சொல்லிராத. அண்ணன் மனசு கஷ்டப்படும்."

அந்த அறையிலிருந்த மனிதர்மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. முப்பத்தைந்து வருடத்தில் அம்மாவின் நகையை அவளுக்கு எதிரிலேயே வைத்து, சரியாக எடைபோட்டு, உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர். என் சண்டை நம் குடும்பங்களோடு. நகை வாங்கும்போது கேள்வி கேட்பது அநாகரிகம் என்று நம்மை வளர்த்தவர்களோடு. அப்படியே வளர்ந்து, இன்று தங்கச் சங்கிலியை "வேல்யூ அடிஷன் எட்டு பர்சென்ட்தான்" என்று வாங்கி வந்து ஸ்டேட்டஸ் போடும் என் தலைமுறையோடும்தான்.

அம்மாவுக்கு ஏன் முப்பது பவுன் போட்டார்கள்? தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. அது இரண்டு மாமாக்களுக்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அம்மா இரண்டு வருடம் முந்திவிட்டாள். 2005-இல் மத்தியச் சட்டம் வந்து அந்தத் தடையை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை 1994-இல் பதிவாகிவிட்டது. ஆக, அந்த முப்பது பவுன்தான் அம்மாவின் பங்கு. மூன்று ஏக்கருக்கு ஈடாக அவள் கழுத்தில் போட்டு அனுப்பியது.

அந்த மூன்று ஏக்கரைப் பிரிக்க என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. வரப்பில் அரை அடி கூடக் குறைய இருந்ததற்கு மாமாக்கள் இருவரும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவின் பங்குக்கு இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. கல் எடை எவ்வளவு, தங்கம் எத்தனை மாற்று என்று அதில் ஒன்றும் இல்லை. "தெரிஞ்ச கடை." அவ்வளவுதான் ஆவணம்.

நம் இலக்கியவாதிகளுக்கு உரைகல் என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். எந்த விமர்சனக் கட்டுரையைத் திறந்தாலும் 'காலத்தின் உரைகல்', 'மனசாட்சியின் உரைகல்'. அந்தக் கறுப்புக் கல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின்மேலும் அமிலம் தடவி நிறத்தை ஒப்பிடுவதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று ஆளைப் புகழ்கிறோம். பத்தரை என்பது ஒரு அளவின் உச்சி, கலப்பே இல்லாத தங்கம் அது. அந்தக் கணக்கில் நாம் போட்டிருக்கும் 22 கேரட் ஒன்பதரையும் சொச்சமும். ஆசிடை நேரிசை வெண்பாவில் வரும் 'ஆசு'கூடப் பட்டறையிலிருந்து வந்ததுதான். நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு. யாப்பு படித்தவர்களுக்கு உவமை தெரியும், உவமிக்கப்பட்ட பொருள் தெரியாது.

அந்தப் பற்றாசில்தான் ஒரு தலைமுறையே ஏமாந்தது. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு '916 கேடிஎம்' போர்டு ஞாபகம் இருக்கும். கேடிஎம் என்றால் ஏதோ சுத்தத்துக்கான முத்திரை என்றே வீட்டில் எல்லாரும் நம்பினோம். அது காட்மியம். பற்றவைப்பில் செம்பும் வெள்ளியும் அதிகம் சேர்த்தால், நகையை மொத்தமாக உருக்கும்போது மாற்றுக் குறையும். காட்மியம் சேர்த்தால் கொஞ்சம் போதும், சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மாற்று குறையாது. அந்த ஆவி எங்கே போகும்? ஊதுகிறவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். இந்திய தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் பிறகு அதை ஹால்மார்க் நகைகளில் அனுமதிக்கவில்லை. ஆனால் இன்றும் என் பெரியம்மா, "கேடிஎம்மா பார்த்து வாங்கு" என்கிறாள். ஆசாரியைக் கொன்ற உலோகத்தின் பெயரை நாம் தரத்தின் பெயராக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

916 என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்போ வெள்ளியோ. 18 கேரட் என்றால் 750. ஹால்மார்க் 2000-இலேயே வந்துவிட்டது, ஆனால் கடைக்காரர் விருப்பப்பட்டால்தான். கட்டாயமாகத் தொடங்கியது 2021 ஜூனில், அதுவும் படிப்படியாக. 2023 ஏப்ரல் முதல் எச்யுஐடி என்ற ஆறு இலக்க எண் இல்லாமல் புது ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், என்ன மாற்று, என்ன வகை நகை என்று வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்றால், முத்திரை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பில்லில் நிகர எடை, மாற்று, ஹால்மார்க் கட்டணம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. சொன்ன மாற்று இல்லையென்றால் குறைபாட்டு மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகத் தர வேண்டும் என்பதும் விதி. நூறு ரூபாய் ஹெட்போனுக்கு நாற்பது ரிவ்யூ படிக்கிற நாம் இந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பதில்லை. எழுத்து பொடிதாக இருக்கிறதாம். லென்ஸ் கேளுங்கள், கடையில் வைத்திருப்பார்கள்.

சரி, மாற்றுக்காவது ஒரு காவல் வந்துவிட்டது. சேதாரத்துக்கு?

சேதாரம் என்பதன் மூலக் கதை நியாயமானது. கையால் நகை செய்யும்போது அராவுகிறார்கள், வெட்டுகிறார்கள், மெருகு போடுகிறார்கள். தங்கம் கொஞ்சம் தூளாகப் போகும். அந்த நஷ்டத்தை வாங்குபவர் ஏற்க வேண்டும். ஆனால் அந்தத் தூள் எங்கேயும் போய்விடுவதில்லை. பட்டறையில் துடைப்பம், கால்மிதி, கை கழுவிய தண்ணீர்வரை எடுத்து வைத்து மீட்பார்கள். கோயம்புத்தூர் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அரித்து அதில் தங்கம் எடுத்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதுதான் நிஜமான சேதாரம். மெஷினில் பின்னி வரும் சங்கிலிக்குப் பதினான்கு சதவீதம் சேதாரம் என்றால், நாற்பது கிராமில் ஐந்தரை கிராமுக்குமேல் காற்றில் போனதாக அர்த்தம். அப்படித் தங்கத்தைத் தொலைக்கிற மெஷினை எந்த முதலாளி வைத்திருப்பார்?

ஒரு கணக்குப் போடுவோம். சுலபத்துக்காகக் கிராம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பவுன் சங்கிலி, 40 கிராம், நாலு லட்சம். சேதாரம் 14 சதவீதம், 56,000. மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 13,680. ஆக 4,69,680. மறுநாள் காலை அதே கடையில் அதே சங்கிலியைப் பணத்துக்குத் திருப்பிக் கொடுத்தால், இரண்டு சதவீதம் கழித்தார்கள் என்றால்கூட, 3,92,000. ஒரே ராத்திரியில் 77,680 ரூபாய் நஷ்டம். தங்கம் இருபது சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். இதற்குப் பெயர் முதலீடு என்று சித்தப்பாக்கள் சொல்கிறார்கள். முதலீடுதான் நோக்கமென்றால் காசாக, கட்டியாக, பத்திரமாக வாங்க ஆயிரம் வழி இருக்கிறது.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது அந்தச் சதவீதம். சேதாரம் தங்க விலையின்மேல் போடப்படுகிறது. கிராம் ஐயாயிரமாக இருந்தபோது அந்தச் சங்கிலிக்குச் சேதாரம் 28,000. விலை பத்தாயிரமானதும் 56,000. அதே சங்கிலி, அதே டிசைன், அதே வேலை. செய்தவருடைய கூலி இரட்டிப்பானதா? பட்டறையில் போய்க் கேட்டுப் பாருங்கள். 'சேதாரம் இல்லை' என்று முழுப்பக்க விளம்பரம் வந்தால் அது பில்லில் வேறு வரிக்கு நகர்ந்திருக்கிறது என்று பொருள். செய்கூலியிலோ கல் விலையிலோ உட்கார்ந்திருக்கும்.

"நகை வெறும் உலோகமா? அது கலை இல்லையா, கைவேலை இல்லையா?" என்று ஒரு கேள்வி வரும். அழகியல்காரர்கள் கேட்பது. நியாயமான கேள்வி. கலைதான். அப்படியானால் கலைக்குக் காசு கொடுங்கள். கிராமுக்கு இவ்வளவு, இந்த வேலைப்பாட்டுக்கு இவ்வளவு என்று ரூபாயில் கூலி சொல்லச் சொல்லுங்கள். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற வேலை. வெள்ளிமேல் தங்கத் தகடு, சிவப்புக் கல். நாட்டியக்காரர்கள் வாங்குகிறார்கள். உள்ளே வெள்ளி என்று இருவருக்கும் தெரியும், காசு வேலைக்கு என்றும் இருவருக்கும் தெரியும். அதில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. கலையின் பெயரைச் சொல்லித் தங்கத்தின் விலையில் சதவீதம் வாங்குவதைத்தான் கேட்கிறேன்.

ஆனால் நம் வழக்கில் திருடன் எப்போதும் ஆசாரிதான். பெற்ற தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று பழமொழி வைத்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் பொய் சொன்னவனும் பொற்கொல்லன். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கதையை ஒரு நுகர்வோர் வழக்காகப் படித்துப் பாருங்கள். கோவலன் கொலைப்படுவதற்கு முன் மதுரையின் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறான். ஊர்காண் காதையில் இளங்கோ மணிகளின் வகையையும் குற்றங்களையும் வரிசையாகச் சொல்கிறார். தங்கத்தில் நான்கு வகை சொல்கிறார். கல்லில் என்ன கோளாறு இருக்கும் என்று தெரிந்த ஊர் அது. அத்தனை தெரிந்த ஊரில், ஒரு சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஆள் இல்லை. ஒரு பெண் வந்து உடைத்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் ஒரு தலை போய்விட்டது. நம் வீடுகளில் தலை போவதில்லை. தாளில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். ஹால்மார்க் உலோகத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அந்த ஆறு இலக்கம் ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் நகைக்கடையில் சட்டத்தின் கண் படாத மூலை என்றால் கல்தான். வாங்கும்போது கல்லுக்குத் தனியாகக் காசு. சில இடங்களில் கல் எடைக்கும் சேர்த்துத் தங்க விலை. விற்கும்போது கல்லுக்கு ஒன்றுமில்லை, எடை மட்டும் கழியும்.

கடைக்காரர் "எல்லாம் கெம்புதாம்மா" என்றது பொய் இல்லை. கெம்பு என்றால் சிவப்புக் கல், முடிந்தது. மண்ணிலிருந்து எடுத்ததா, மனிதன் செய்ததா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 1902-இல் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினா பொடியைச் சுடர் வழியாக உருக்கிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். வேதியியல்படி அது மாணிக்கம்தான்: அலுமினியம் ஆக்சைடு, சிவப்புக்குத் துளி குரோமியம். கடிகாரத்துக்குள் அச்சு தாங்குவதும் அதே கல். உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே கோடுகள் வளைந்து ஓடும். இயற்கைக் கல்லில் அப்படி வளையாது. அம்மாவின் கல் ஒன்றைச் சோதனைச்சாலைக்கு எடுத்துப் போனேன். வளைந்துதான் இருந்தது. கல்லின் விலையைவிடச் சோதனைக் கட்டணம் அதிகம்.

அது பழைய ஏமாற்று. புதியது இன்னும் நூதனமானது. இருபது வருடமாகச் சந்தையில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் புழங்குகிறது. விரிசல் விழுந்து ஒன்றுக்கும் உதவாத கல்லின் பிளவுகளில் கண்ணாடியை ஓடவிட்டுத் தெளிவாக்கி விற்பது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். சமையலறையில் மோதிரத்தோடு எலுமிச்சை பிழியும் பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்? கல்லைச் சூடு போடுவது வேறு விஷயம், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இலங்கையில் கெவுடா என்று பால்நிறக் கல் உண்டு, பயனற்றதென்று சல்லி விலைக்குப் போனது. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்ச் சூடேற்றி ஆழ்நீலமாக்கி விற்றார்கள். இன்று சந்தையில் உள்ள நீலக்கல்லில் பெரும்பாலானது சூடு கண்டதுதான். சூடு கண்டதை, காணாத கல்லின் விலைக்கு வாயை மூடிக்கொண்டு விற்பதுதான் தப்பு.

ராசிக்கல் கதை தனி. 'குருவுக்குப் புஷ்பராகம் போடுங்க' என்பார் ஜோசியர். அந்தப் பெயரில் மஞ்சள் சபையர் விற்கிறது, டோபாஸ் விற்கிறது, சிட்ரின் விற்கிறது. முதலாவது மாணிக்கத்தின் தங்கை, கடினத்தில் ஒன்பது. மூன்றாவது குவார்ட்ஸ், ஏழு. விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். குரு எதற்கு இறங்கி வருவார் என்பது எனக்குத் தெரியாது. பில்லில் எந்தக் கனிமம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினால் வாங்குங்கள்.

கேரட் என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டுக்கும் வைத்திருப்பது கடைக்காரர்களுக்கு இன்னொரு வசதி. தங்கத்துக்கு அது சுத்தம், கல்லுக்கு அது எடை, கிராமில் ஐந்தில் ஒன்று. '18 கேரட் வைரத் தோடு' என்று தோழி ஒருத்தி மகிழ்ச்சியோடு காட்டினாள். வைரம் கால் கேரட்தான் இருந்திருக்கும். அதேபோல 'ப்ளூ ஜாகர்' என்று பாட்டிகள் பெருமையாகச் சொல்வார்களே, ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்தின் பெயர். அது 1971-இல் மூடியாயிற்று. போன மாதம்கூட ஒரு கடையில் 'ஜாகர் குவாலிட்டி' என்று காட்டினார்கள்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்தும் கேட்க விடுவதில்லை என்பதுதான் விஷயம். போன தை மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது, கல் எடையைத் தனியாக எழுதித் தரச் சொன்னேன். சித்தப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். சம்பந்தி வீட்டு ஆளுக நிக்கிறாங்க. கணக்குப் பாக்குற குடும்பம்னு நெனைக்க மாட்டாங்களா?" நிலம் வாங்கும்போது இதே சித்தப்பா வக்கீலை மூன்று முறை மாற்றியவர். அது அவர் பெயரில் வாங்கிய நிலம்.

ஆபரேஷன் முடிந்து தம்பி வீடு திரும்பிய பிறகு, இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி அப்பாவின் பீரோவைக் குடைந்தேன். வீட்டு வில்லங்கச் சான்று இருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் பழைய நகைக்கடன் ரசீதுகள் நாலு கிடந்தன. விதை வாங்க, ஸ்கூல் பீஸ் கட்ட என்று அப்பா தன் பெயரில் அடகு வைத்து மீட்டவை. நாலிலும் அட்டிகை உண்டு. வங்கி மதிப்பீட்டாளரின் கையெழுத்தில், மொத்த எடை 48, நிகர எடை 38.5. முதல் ரசீது 1998.

அப்பாவிடம் கேட்டேன். "பேங்க்காரன் எப்பவும் கொறைச்சுத்தான் போடுவான்" என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்தார்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் விரல் வைத்துப் படித்தாள்.

"இது எந்த வருஷம்?"

"தொண்ணூத்தெட்டு."

கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தாத்தா இருந்தாருல்ல" என்றாள். "கேட்டிருக்கலாம்."